ஐடி கார்டு கேட்ட ஆத்தா

எங்கள் ஊர் அம்மன் கோயில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் சுவருக்குள் இருக்கிறது. நிலத்தை விற்றபோது கோயிலையும் சேர்த்துத்தான் தாரை வார்த்தார்கள். ஆடி மாதம் ஒரே ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். கூழ்ப் பானையோடு வரும் பெண்கள் செக்யூரிட்டியிடம் பெயரைச் சொல்லி, கழுத்தில் விசிட்டர் அட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரவேண்டும். அதற்கு எங்கள் ஊரில் எவன் மனமும் புண்படவில்லை. சித்தப்பா கதை எழுதியதும்தான் எல்லார் மனமும் புண்பட்டது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. அவருடைய கதையில் அம்மன் ஒருநாள் காற்று வாங்க வெளியே வருகிறாள். திரும்பும்போது கார்டு இல்லையென்று செக்யூரிட்டி மறித்துவிடுகிறான். கார்டு கிடைக்கட்டும் என்று அவளும் காண்ட்ராக்டில் சேர்ந்து, பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு லைனில் நின்று போல்ட் முடுக்குகிறாள். அவ்வளவுதான் கதை. ஏதோ ஒரு சின்னப் பத்திரிகையில் வந்திருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மன் ஓவர்டைம் பார்க்கிற இடம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பேன். பள்ளிக்கூடம் போகிற ஷேர் ஆட்டோவில் பெருமையாகக் கதையைச் சொன்னதும் நான்தான். அந்த ஆட்டோ படப்பை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள், சித்தப்பா ஆத்தாளை அசிங்கமாக எழுதிவிட்டார் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாருக்கும் ஷிஃப்ட் இல்லாத நேரமாகப் பார்த்து ஊரைக் கூட்டினார்கள். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஊர்த் தலைவர். அந்த நிலத்தை விற்க வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிய அதே மனிதர்.

“ஆத்தாளுக்கே பேன்ட் மாட்டிவுட்டுகீற. இன்னா தைரியம்டா உனக்கு?” என்றார்.

“கதைய நீங்க படிச்சீங்களாண்ணே?” என்று சித்தப்பா கேட்டார்.

“அத வேற படிக்கணுமா? அதான் ஊரே சொல்லுதே!”

படிக்காத கதைக்குத் தீர்ப்பு வந்தது. அந்தப் பத்திரிகை ஊரில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது. சித்தப்பா இனி கதையே எழுதக்கூடாது. மீறினால் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார் சித்தப்பா. அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்ததைத் தலைவர் பார்த்துவிட்டார்.

“சூடமெல்லாம் வாணாம். இவன் சாமிக்குப் பயப்படுற ஆளா? அண்ணன் பொண்ணுன்னா உசுரு வுடுவான். கொயந்த தலைல அடிச்சி சத்தியம் பண்ணச் சொல்லு.”

எவ்வளவு அழகு பாருங்கள்! ஆத்தாளின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர்களுக்கே ஆத்தாள்மேல் நம்பிக்கை இல்லை. அவளைவிட ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் உயிர்தான் உறுதியான பிணையாகத் தெரிந்தது. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளியது என் அப்பாவின் கைதான்.

சித்தப்பா அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம், பழைய கதை எதையாவது மனதில் நினைத்துவிட்டோமோ என்று பயந்தாராம். போன மாதம்கூடச் சண்டை போட்டேன்.

“அதெல்லாம் சும்மா சித்தப்பா, எழுதித் தொலையேன்!”

“சும்மான்னு எனக்கும் தெரியும்மா. ஆனா உன் தலையாச்சே.”

ஊர் கூடிய அன்று அவர் என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். எனக்கோ ஒரே பெருமை. மொத்த ஊரும் என்னையே பார்க்கிறது. புது ரிப்பன் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை கலைந்துவிடப் போகிறதே என்று ஆடாமல் அசையாமல் நின்றேன். தலையை உருவிக்கொண்டு ஓட வேண்டும் என்று அந்த எட்டு வயதுக் கழுதைக்குத் தோன்றவே இல்லை.