தாணுமாலயனின் தோள்பட்டையும் ஸ்டியரிங் ஆயிலும்

நாகர்கோவில் பக்கம் தேரூரில் தாணுமாலயன் என்று விசாரித்தால் மூன்று பேர் வருவார்கள். கார் வைத்திருக்கிற தாணுமாலயன் என்றால் ஒருவர்தான். கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. கார் வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஊரில் தெருவுக்கு நாலு கார் வந்துவிட்டாலும் பட்டம் அவருக்கே நின்றுபோனது. காரோடு கொடுத்த புத்தகத்தை அவர் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டியிருந்தார். படித்ததில்லை. பத்திரத்தை மட்டும் யார் படிக்கிறார்கள்?

போன ஆவணியிலிருந்து, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அவருக்கு வலது தோள் இழுக்கத் தொடங்கியது. வயசுதான், வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் வலது தோள்தான் போயிற்று. அப்பா ஒரு மாட்டுவண்டிகூட ஓட்டியவர் இல்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் சத்தமும் வந்தது. மனைவி தாணம்மாள் அதைச் சொன்னபோது, ஏசி சத்தம் என்றார். ஏசி போட்டிருக்கவில்லை. அதற்கு மேல் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

தோள் வலிக்கு நேராக எலும்பு டாக்டரிடம் போகிறவன் இந்த ஜில்லாக்காரனாக இருக்க மாட்டான். முதலில் வர்ம ஆசான்தான். வில்லுக்குறியில் ஜேசுதாஸ் ஆசான் இருக்கிறார். சிலம்பம் சுற்றி உரமேறிய கை, பேச்சு குறைவு. பங்குனியில் தொடங்கி, செவ்வாயும் வெள்ளியும் தாணுமாலயன் காரை எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் தோள் வலிக்கும். ஆசான் முறிவெண்ணெய் போட்டு உழிந்து சரியாக்குவார். திரும்பி வருகிற வழியில் மறுபடியும் வலிக்கும். இப்படி ஒரு மண்டலம் முடிந்தது. குணமில்லை. ஆசான் தைலத்தை மாற்றி இன்னொரு மண்டலம் பார்த்தார். அதற்கும் அந்தத் தோள் மசியவில்லை.

இனிமேல் வண்டி ஓட்டிப் பயனில்லை என்று தாணுமாலயன் தானே தீர்மானித்தார். திருவனந்தபுரத்தில் இருக்கிற மகள் அஸ்வதியிடம் போனில் சொன்னார். மருமகன் ரதீஷ் ஞாயிற்றுக்கிழமை வந்து காரைக் கொண்டுபோவதாகப் பேச்சாயிற்று. பேச்சு முடிந்ததும் அவர் போய்க் காரைக் கழுவினார். அன்று காலையில்தான் அதைக் கழுவியிருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு உயிரே போகிற மாதிரி இருந்தது. இனி நாகர்கோவிலுக்குப் போக வேண்டுமென்றாலும் எவனாவது ஒருத்தன் வரமாட்டானா என்று வாசலில் நிற்க வேண்டும். அப்படி நிற்கிற கிழவர்களை அவர் தினமும் பார்க்கிறார். அவர்களைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும்.

வெள்ளிக்கிழமை, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு வரலாமென்று ஆசானிடம் போனார். ஆசானுக்கு மனசு ஒப்பவில்லை. ரெண்டு மண்டலத்தில் இளகாத தோளை அவர் கண்டதில்லை. மூலையில் கிடந்த வெண்கல உருளியைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். தாணுமாலயன் தூக்கினார், வலிக்கவில்லை. கையைப் பின்னால் வளைக்கச் சொன்னார், வளைத்தார். சுற்றச் சொன்னார், சுற்றினார். பின்னே எப்போதுதான் வலிக்கும் என்று ஆசான் கேட்டார். வண்டியைத் திருப்பும்போது மட்டும் என்றார் இவர்.

ஆசான் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. முன்பக்கம் முனகியது.

"அண்ணாச்சி, ஒமக்குத் தோளுல ஒரு கொறையும் இல்ல," என்றார் ஆசான். "மூணு மாசமா நான் ஆளு மாறித் தைலம் போட்டிருக்கேன்."

அவரே கூட வந்து, பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் எபிசனிடம் விட்டுவிட்டுப் போனார். எபிசன் பானெட்டைத் திறந்து ஒரு சின்ன டப்பாவின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஆயில் கடைசிக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. இருந்த கொஞ்சமும் கறுத்துப்போய்க் கருகல் நாற்றம் அடித்தது. குழாயின் கிளிப் ஒன்று தளர்ந்து மாதக்கணக்காகக் கசிந்திருக்கிறது. இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டான். இஞ்சின் ஆயிலை ஒரு தவணை தவறாமல் மாற்றி வந்த மனிதருக்கு, ஸ்டியரிங்குக்கு என்று தனியாக ஓர் ஆயில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எபிசன் கிளிப்பை முறுக்கினான். எந்த ஆயில் என்பதில்தான் சிக்கல். சில வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில், சில வண்டிக்கு அதற்கென்றே உள்ளது. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் கெட்டு மொத்தமும் ஒழுக ஆரம்பித்துவிடும். மூடியில் அச்சடித்திருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. புத்தகம் இருந்தால் பார்த்து வாங்கி வாருங்கள் என்றான்.

காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் பீரோ திறக்கப்பட்டது. புத்தகத்தில் இருநூற்றுச் சொச்சமாவது பக்கத்தில், எதை ஊற்ற வேண்டும், எதை ஊற்றவே கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் போனார். முதல் கடைக்காரர் சிவப்பு ஆயிலை எடுத்து வைத்தார். எல்லா வண்டிக்கும் இதுதான் போகுது, சும்மா ஊத்துங்க என்றார். வங்கியில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் கடன் மனுவைத் திருப்பி அனுப்பிய கை தாணுமாலயனுடையது. கடை வாசலில் நின்று டப்பாவின் பின்பக்கம் முழுவதையும் படித்தார். புத்தகத்தில் இருந்த பெயர் அதில் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்தார். அடுத்த கடையில் பிரேக் ஆயிலை நீட்டினார்கள். அதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். நாலாவது கடையில் கிடைத்தது. இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் எபிசன் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தினான். டப்பாவில் இருந்த கறுப்பை ஒரு பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தான். புதியதை ஊற்றி இஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பச் சொன்னான். மறுபடி உறிஞ்சினான், மறுபடி ஊற்றினான். நாலாவது தடவை ஆயில் தெளிந்து, குமிழி அடங்கியது. முனகலும் நின்றது. காரைக் கீழே இறக்கினான். தாணுமாலயன் ஸ்டியரிங்கில் ஒரே ஒரு விரலை வைத்துத் தள்ளினார். அது போயிற்று. மறுபக்கம் தள்ளினார். அதற்கும் போயிற்று. போதுமா அண்ணாச்சி என்று எபிசன் கேட்டான். இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். மருமகனுக்குத் தருகிறேன் என்று சொன்ன பொருளை இல்லை என்று சொல்வது அவர் குடும்பத்தில் நடக்காத காரியம். அதனால் சிவப்பு ஆயிலில் ஆரம்பித்து, ரப்பர் கெட்டுப்போவது வரைக்கும் விளக்கமாகச் சொன்னார். அஸ்வதி பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், அப்போ கார் தரமாட்டீங்க, அவ்வளவுதானே என்றாள். ஆமா என்றார். உங்க மருமகனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்து பார்த்தால், தாணம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டும் போட்டிருந்தாள். எங்கே புறப்பட்டாய் என்று கேட்டார்.

"போன ஆவணியில பூதப்பாண்டிக்குப் போவச்சில, அந்த வளைவுல ஒங்க மொகத்தப் பாத்தேன். பல்லக் கடிச்சிக்கிட்டுத் திருப்புனிய," என்றாள். "அதுக்குப் பொறவு எங்கயும் கூட்டிட்டுப் போங்கன்னு நான் ஒங்களக் கேக்கல. கவனிச்சியளா?"

அவர் கவனித்திருக்கவில்லை. அவளுடைய தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அவள் முதல்நாளே தனியாகப் பஸ்ஸில் போனாள். கண் டாக்டரிடமும் ஆட்டோ பிடித்துத்தான் போய் வந்தாள். பத்து மாதமாக அவர் தன் தோளைத் தவிர இன்னொன்றையும் கவனிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போவணும்?" என்று கேட்டார்.

"எங்கன்னாலும் செரி," என்றாள் தாணம்மாள். "வளைவு நெறைய உள்ள வழியாப் பாத்துப் போங்க."