நோகாத கடைவாய்ப்பல்

கஞ்சியில் கல் கிடந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிற வீட்டில் இதைவிட மானக்கேடு வேறில்லை. "நம்ம கடை அரிசியில கல்லா?" என்று மனைவியிடம் கத்திக்கொண்டே துப்பினேன். உள்ளங்கையில் விழுந்தது கல்லல்ல, என் கடைவாய்ப்பல்லில் பாதி.

துளி வலி இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. நாக்கில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து இரண்டாவது ஓணம் அது. வாயில் எச்சில் ஊறுவது நின்றுபோயிருந்தது. கடையில் கற்கண்டு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால்தான் பேச்சே வரும். பல் நோகவில்லை, பிறகென்ன கவலை? கேட்டவர்களிடம் "நம்ம பல்லு இரும்பு" என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

என்னோடு கடை நடத்தும் அண்ணன்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நோயாளி வெளியே உட்கார்ந்திருப்பான், மூத்தவர் உள்ளே போய் டாக்டர் சொல்வதைக் கேட்டு வருவார். சிகிச்சை தொடங்கும் முன் இதே டாக்டரிடம் அப்படித்தான் நடந்தது. இந்த முறை நாற்காலியில் படுத்திருந்தவனே நான். என்னை எப்படி வெளியே அனுப்புவது?

மலையாளத்து டாக்டரம்மா பஞ்சில் குளிர் மருந்து எதையோ பீய்ச்சிப் பல்லில் வைத்தார். "தணுப்பு தெரிஞ்சா கை பொக்கணும், கேட்டோ." ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் குளிர் தெரியவில்லை; தூக்க வேண்டிய கை வயிற்றின் மேலேயே கிடந்தது.

"கதிர் பட்டா பல்லுக்குள்ள இருக்கிற சதையில ரத்த ஓட்டம் குறையும். சொத்தை ஆழமா போனாலும் வலி அறியாது. பிடுங்கினா தாடை எலும்பு ஆறாம போகலாம். அதுக்கல்லே அன்னிக்கே சொன்னது, இனிப்பு வேண்டாம், தினமும் மருந்து பூசணும்னு?" என்றார். பார்வை அண்ணன் மேல் இருந்தது.

சிகிச்சைக்கு முன் அன்று இதே அறையிலிருந்து வெளியே வந்த அண்ணன் என்னிடம் சொன்னது, "பல்லுக்கு ஒண்ணும் இல்லடே."

ஆட்டோவில் கேட்டேன். "தெரிஞ்சுதான் என்னைக் கற்கண்டு தின்ன விட்டியளா?"

"வாய் காஞ்சு கெடந்தே. அது ஒண்ணுதான் உனக்கு ருசிச்சுது. பின்னே எப்படி வேண்டாம்னு சொல்ல? உன் மனசு நோவப்படாதுன்னுதான்."

ஆஸ்பத்திரியில் எனக்காகக் கண்ணீர் விட்ட மனிதர். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் செய்தது துரோகம். பல்லும் அப்படித்தானே, என்னை நோகவிடாமலே உள்ளுக்குள் அழுகியது. வீடு வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தாடை எக்ஸ்ரேயின் முடிவு கேட்கப் போனோம். நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்தார். "நீ இரி. நான் கேட்டுட்டு வாரேன்."

அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நோவட்டும் அண்ணே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.