கிறிஸ்துமஸ் பார்சலுக்கு மதிப்பு என்ன போடட்டும்?

பார்சல் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்கு என்ன விலை என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

தர்மபுரிக்கும் அதியமான்கோட்டைக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி எங்கள் ஆபீஸ். பெங்களூர், சென்னை, கோயமுத்தூர் போகிற பஸ்களில் பார்சல் ஏற்றுவதும் இறக்குவதும் தொழில். சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் காலை ஆறுக்குத்தான் எழுந்திருப்பேன். பகலில் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. எட்டாவதோடு நின்றவன் நான். பெட்டிகளின் மேல் இருக்கும் விலாசங்களைப் படித்துப் படித்தே இங்கிலீஷும் கொஞ்சம் கன்னடமும் கற்றுக்கொண்டேன். கோணிஊசியும் டேப்புமாக எங்கள் கவுண்டரில் கால் கடுக்க நின்றிருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போடுகிற சீட்டில் ‘பொருளின் மதிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. பார்சல் தொலைந்துபோனால் கம்பெனி எவ்வளவு தர வேண்டும் என்பதற்காக வைத்தது. மதிப்பு ஏற ஏற எங்கள் சார்ஜும் ஏறும். அந்தச் சீட்டைப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுவோம். அதனால் போய்ச் சேருகிற இடத்தில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே விலையைப் படித்துவிடுகிறார்கள். டிசம்பர் மாதத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ரொம்ப வருஷம் புரியவில்லை.

பத்தாயிரம் ரூபாய் கார்

பஞ்சர் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். மகன் பெங்களூரில் அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு பேட்டரி கார். அதே காரை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அறுநூறு ரூபாய் என்று தொங்கவிட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். “மதிப்பு என்ன போடட்டும்?” என்றேன். “பத்தாயிரம் போடுங்க” என்றார்.

சார்ஜ் ஏறும் என்றேன். ஏறட்டும் என்றார். காரின் விலையில் பாதிக்கு மேல் சார்ஜே வந்தது. கிரீஸ் படிந்த விரலால் நோட்டுகளை எச்சில் தொட்டு எடுத்து வைத்தார். “மாமியார் வூட்ல இதை நம்புவாங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை.

“நம்பமாட்டாங்க சார். ஆனா ஒரு நிமிஷம் யோசிப்பாங்கல்ல?”

வாங்குகிறவர் கட்ட வேண்டியது

அனுப்புகிறவர் பணம் கட்டாமல், வாங்குகிறவர் கட்டி எடுத்துக்கொள்வதும் எங்களிடம் நடக்கும். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிற ஒருவர் தன் பையனுக்கு கிரிக்கெட் பேட் அனுப்பியிருந்தார். அந்த முறையில்தான். நல்லம்பள்ளி பக்கத்திலிருந்து பையனின் அம்மா முதல் பஸ் பிடித்து விடிகாலையில் வந்து நின்றது. முந்தின நாள் தக்காளி பறித்த கறை நகத்தில் இருந்தது.

“நூற்று நாற்பது கட்டணும்மா” என்றேன். “எதுக்குங்க? அவர்தான அனுப்பிச்சாரு?” என்றது. விளக்கினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தது. நூற்றுப் பத்துதான் இருந்தது. மீதியை நான் போட்டேன். அந்த பேட்டை, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு போய், வாசலில் நின்று திரும்பி எனக்கு ஒரு சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னது:

“பரிசு அவரு குடுக்கறாராம், பணம் நான் கட்டணுமாம். எங்க குடும்பமே இப்படித்தாங்க ஓடுது.”

இருநூறு என்று எழுதினேன்

ரெஜினாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் ஆரம்பித்தேன். நல்லம்பள்ளியில் ஒற்றை மிஷினைப் போட்டுக்கொண்டு தையல் கடை நடத்துகிறவள். புருஷன் பிரிந்து கோயமுத்தூரில் இருக்கிறார். பத்து வயது மகள் ஜெனி அங்கேதான், அப்பா வீட்டில். வருஷத்தில் இரண்டு தடவை, பிறந்தநாளுக்கு ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று, மகளிடம் போனைக் கொடுப்பார்கள். “அவளா வரேன்னு சொன்னா மே லீவுக்கு அனுப்பறோம்” என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெஜினா பார்சல் அனுப்பினாள்.

அவளே தைத்த கவுன். கழுத்தைச் சுற்றி ஆரி வேலை, பாசிமணி ஒவ்வொன்றும் கையால் கோத்தது. எனக்குக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைத்தாள். தையலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொடப் போன கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். “மதிப்பு என்னம்மா போடட்டும்?” என்றேன். யோசித்தாள். நான் முந்திக்கொண்டேன். “அதிகமா போட்டா சார்ஜ் ஏறும். இருநூறுன்னு போட்டா அறுபது ரூபா மிச்சம். துணிதானே, உடையவா போகுது?” ஏழைக்கு நல்லது செய்கிற நினைப்பு எனக்கு. பேனா கட்டத்தின் மேல் நின்றது. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்குத் தெரியாததாண்ணா? நீங்க சொன்னா சரிங்க.”

சீட்டுக் குலுக்கல்

மாதையன் எங்கள் லோடுமேன். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். ஆனால் மகள் படிப்பது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அங்கே டிசம்பரில் பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்குப் பரிசு தர வேண்டும். நூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். மகளுக்கு வந்தது ஒரு டாக்டர் வீட்டுப் பையன் பெயர்.

மாதையன் இரண்டு நாள் ஓவர்டைம் தூக்கினான். நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பென்சில் பெட்டி. பட்டனை அமுக்கினால் நான்கு பக்கமும் திறக்கும். “நூறுன்னுதானடா எழுதியிருக்காங்க?” என்றேன். “டாக்டர் வூட்டுக்கு நூறு ரூபா சாமான் போனா புள்ளைய எப்படிண்ணா பாப்பாங்க?” என்றான். அவன் மகளுக்கு யார் கையிலிருந்தோ ஒரு சோப்பு டப்பா வந்தது. காலி டப்பா, சோப்பு இல்லை. அன்றைக்கு அவன் எடுத்து வைத்த பெட்டியெல்லாம் டம் டம்மென்று விழுந்தது. கடைசியில் அவனே சிரித்துவிட்டான்.

“அவங்கதாண்ணா ரூலைச் சரியா படிச்சிருக்காங்க.”

ஜனவரியில் வந்தவள்

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள். நான் ஷிப்ட் முடித்து வண்டியை எடுக்கிற நேரத்தில் ரெஜினா வந்தாள். பார்சல் சேரவில்லையோ என்று பயந்தேன். சேர்ந்திருந்தது. புது வருஷத்துக்குப் போன் கொடுத்திருக்கிறார்கள், ஜெனியும் பேசியிருக்கிறாள். பெட்டி வந்ததும் பாட்டி சீட்டைப் படித்தாராம். “பாருடி, உங்கம்மா இருநூறு ரூபா செலவு பண்ணியிருக்கா” என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். பிள்ளை கவுனைப் போடவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு அப்பா வாங்கித் தந்ததைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். லீவுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு, டியூஷன் இருக்கிறது என்றாளாம்.

அறுபது ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான்தானே. “சண்டை போட வரலீங்கண்ணா, நல்லம்பள்ளி பஸ்ஸுக்கு நேரமிருக்கு, அதான் வந்தேன்” என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“தப்பு உங்களுது இல்லீங்க. நீங்க இருநூறுன்னு எழுதும்போது நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்.”

நான் செய்த போன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவன் எழுந்து அந்தச் சீட்டின் நகலிலிருந்து குறித்து வைத்திருந்த கோயமுத்தூர் நம்பருக்குப் போன் போட்டேன். ரெஜினாவிடம் கேட்கவில்லை. அவளுடைய புருஷன் எடுப்பார், எங்கள் ஆபீஸில் மதிப்பைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று சொல்லி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எடுத்தது ஒரு சின்னக் குரல். அப்பா குளிக்கிறார் என்றது.

“பாப்பா, நான் தர்மபுரி பார்சல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்கம்மா அனுப்பின கவுனுக்கு இருநூறுன்னு எழுதினது நான்தான். அம்மா சொல்லல. அது தப்பு” என்றேன். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. “அப்ப எவ்ளோ அங்கிள்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை பெட்டிக்கு விலை கேட்டவன், அதற்கு மட்டும் பதிலுக்குக் காத்திராமலே எழுதியிருந்தேன். “நிறைய” என்றேன்.

“நிறையன்னா எவ்ளோ?”

பதில் தேடுவதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

விலைச்சீட்டு

மறுநாளே நல்லம்பள்ளிக்குப் போய் ரெஜினாவிடம் போன் பேசியதைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். எவ்வளவு ஆனது என்று அப்போதுதான் கேட்டேன். “துணி, பாசி, நூலு எல்லாம் ஆயிரத்து முந்நூறு. வெளியாளுக்குன்னா ஆரி வேலைக்கு மூவாயிரம் வாங்குவேன். எம்புள்ளைக்கு நான் யாருகிட்ட வாங்கறது?” என்றாள். அந்த மே மாதம் ஜெனி வரவில்லை.

அடுத்த டிசம்பரில் ரெஜினா கையில் ஒரு கடைப் பெட்டி. சேலத்தில் பெரிய ஜவுளிக்கடையில் வாங்கிய ரெடிமேட் கவுன். நாலு மாதம் அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டாகத் தைத்துச் சேர்த்த பணம். ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். நூல் இப்போதே பிரிந்திருந்தது. “நான்னா ரெட்டைத் தையல் போட்டிருப்பேன்” என்றாள். பிரிந்ததைச் சரிசெய்யவில்லை. கை வைத்தால் கடைத் தையல் மாதிரி இருக்காதாம். விலைச்சீட்டு கழுத்திலேயே தொங்கியது: 2,499. பில்லை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தாள், பெட்டியின் மேல் ஒட்டச் சொன்னாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. 2,499 என்று, ஒரு இலக்கம்கூடச் சாயாமல் எழுதினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சாயங்காலம் வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஜெனியே அப்பா போனை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறாள், பிறந்தநாளும் இல்லை, புது வருஷமும் இல்லை. “விலைச்சீட்ட வெட்டாமயே போட்டுட்டுப் போனாளாங்கண்ணா. பூசையில பாட்டிக்கு முன்னால உக்காந்தாளாம், முதுகுப் பக்கம் சீட்டு தெரியற மாதிரி” என்று சொல்லி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதையன்கூட சுமையை இறக்கிவிட்டு நின்று கேட்டான். நான்தான் சும்மா இருக்க மாட்டாமல், லீவுக்கு வருகிறேன் என்றாளா என்று கேட்டேன். பொத்திய கையை எடுத்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு எங்கோ போனது.

“கேட்டேங்கண்ணா. ‘அடுத்த வருஷமும் இதே கடையில வாங்கும்மா’ன்னா.”

பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பதினெட்டு வருஷமாக என் கையாலேயே எழுதி வருகிறேன்; அதில் ஒரு சீட்டிலாவது சரியான தொகையை எழுதியிருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.