ஓட்டத்தில் எழுதாத அமுக்கம்

“ஷஃபான் பிறை 9, சனி, காலை 7.40. காரைதீவு–அம்பாறை வீதி. கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடுகையில் பெட்ரோல் அமுக்கம் 35 ராத்தல். சின்னக் குழாயைக் கழற்றினால் 43. ஓட்டத்தில்:”

இத்துடன் என் குறிப்பு முடிகிறது. முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றுமில்லை. மழையளவு, மின்வெட்டு, கடல் கலங்கிய நாள் என்று இருபது வருடமாக எழுதிவரும் கொப்பிகளில் நான் முடிக்காமல் விட்ட வரி இது ஒன்றுதான்.

அந்தக் கார் என் மச்சானுடையது. ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவர். பதினொரு வருடம் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு வந்து, டேர்போ பூட்டிய பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினார். எங்கள் ஊரிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளை ஏற்றிப் போவது அவருடைய எண்ணம். கட்டாரில் முதலாளி அந்த மாத முடிவுவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ராத்தாவோடு அவர் செய்துகொண்ட பேச்சு எளிமையானது: கார் மலை ஏறினால் அவர் திரும்பிப் போகமாட்டார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஒன்பது வருடத்தில் வாப்பா வீட்டில் இருந்த நாட்களை ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். மொத்தம் ஆறு மாதத்தைக்கூடத் தொடவில்லை.

மச்சான் அவசரக்காரர் அல்லர். டேர்போ காற்றை எஞ்சினுக்குள் தள்ளி ஏற்றுகிறது; அந்தக் காற்று, தெளிக்க வரும் பெட்ரோலை எதிர்த்து நிற்கும். ஆகவே காற்று பத்து ராத்தல் ஏறினால் பெட்ரோலின் அமுக்கமும் அதே பத்து ஏறவேண்டும். காற்றின் அளவை அறிந்து அதை ஏற்றிக்கொடுக்கத்தான் அந்தச் சின்னக் குழாய். ஏறாவிட்டால் பெட்ரோல் போதாது, சூடு கூடும், பிஸ்டன் உருகும். நிற்கும் காரில் இது தெரியாது. சுமையோடு மிதித்து ஓடும்போதுதான் தெரியும். இதையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே, கட்டாரிலிருந்து கொண்டுவந்த மீட்டரைப் பெட்ரோல் குழாயில் இணைத்து, பொனட்டின் பின்விளிம்பால் வெளியே எடுத்து, முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் ஒட்டினார். காருக்குள் வைத்தால் ஒரு கசிவு போதும், எல்லாரும் எரிந்துபோவோம் என்றார்.

ராத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “காருக்கு ஈசீஜீ எடுக்கிறீங்களாக்கும். உங்கட நெஞ்சுக்கு எடுங்க எண்டு எத்தின நாளாச் செல்லுறன்.”

“என்ட நெஞ்சு மலை ஏறத் தேவல்ல. இது ஏறணும்” என்றார் அவர்.

ஓட்டுகிறவர் வீதியைப் பார்க்கவேண்டும். ஊசியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எழுதுகிற ஆள் என்பதால் என்னை ஏற்றினார். “நாப்பத்தி மூணோட அந்தப் பத்து, அம்பத்தி மூணுக்கு வரணும். வருதா எண்டு மட்டும் பாரு” என்றார். எங்கள் கரையில் ஏற்றம் என்றால் பாலம்தான். அதனால் வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் வீதிக்குப் போனோம். மிதித்தார். கார் முன்னால் பாய்ந்தது. ஊசி ஏறியது, பிறகு நடுங்கத் தொடங்கியது. காலை வெயில் மீட்டரின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. ஒரு உழவு இயந்திரம் குறுக்கே வர, அவர் காலை எடுத்துவிட்டார். எல்லாம் ஐந்தாறு விநாடிதான்.

“எவ்வளவு?”

“நடுங்குது மச்சான். நல்லாத்தான் நிக்கிது.”

அவர் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. என்னை நம்பினார். நிலையாக நிற்காத எண்ணை எழுதுவதும் பொய் எழுதுவதும் ஒன்று என்பது என் கொள்கை. ஆகவே எழுதாமல் விட்டேன். எழுதத் தயங்கியதை வாயால் சொல்ல மட்டும் நான் தயங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை முதல் பயணம். கண் சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒரு தாயும் அவருடைய மகனும் ஏறினார்கள். புறப்படும் முன் எங்கள் ஊர் பெட்ரோல் ஷெட்டில் தாங்கி நிறைய அடித்துக்கொண்டார். மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் பாதி ஏறும்போது எஞ்சினில் சில்லறை குலுக்கும் சத்தம் கேட்டதாம், பிறகு புகை, பிறகு கார் நகரவில்லை. தாயையும் மகனையும் வேறொரு வேனில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் எடுத்தார். மறுநாள் பஸ் ஏறிப் போனேன். அங்கே கராஜில் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் ஓட்டை. கராஜ்காரர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: சுமையில் பெட்ரோல் போதாமல் போயிருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பெட்ரோலில் எதையாவது கலந்திருப்பார்கள்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். “அண்டைக்கு ஓடக்குள்ள எவ்வளவு காட்டின?”

கொப்பியை விரித்துக் கொடுத்தேன். அந்த வரியில் அவருடைய கண் நின்ற நேரத்தை நான் அளக்கவில்லை.

“ராத்தாட்டச் செல்லாத” என்றார். “ஷெட்டில அடிச்ச எண்ணெய் பிழையாம் எண்டு செல்லுவம்.”

காரை அங்கேயே கழிவு இரும்புக்குக் கொடுத்தார். மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விமானம் ஏறினார்.

ஏழு வருடமாகிவிட்டது. மூன்று முறை வந்துபோயிருக்கிறார். மகளுக்குப் பதினாறு, போனில் “ஓம் வாப்பா, சரி வாப்பா” என்று இரண்டே சொல்லில் முடித்து உம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். இந்த முறை வந்தால் நிற்பாரா என்று ராத்தா கேட்பதை விட்டுவிட்டாள். ஷெட் முதலாளியை மட்டும் விடவில்லை. “என்ட வீட்டாள நாடு கடத்தினவன்” என்று கலியாண வீட்டிலும் மௌத்து வீட்டிலும் சொல்வாள். கேட்டவர்களில் சிலர் இப்போது எண்ணெய் அடிக்க அக்கரைப்பற்றுக்குப் போகிறார்கள்.

போன மாதம் ஒரு ஜனாஸா நல்லடக்கத்தில் அந்த முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நீங்க எல்லாத்தையும் எழுதி வெக்கிறவர்தானே. செல்லுங்க, என்ட எண்ணெய்லயா பிழை?”

“எனக்குத் தெரியா ஹாஜியார்” என்றேன்.

அது உண்மை. அதே பெட்ரோலை அன்று அடித்த வேறு வாகனங்களை விசாரித்தேன்; இரண்டு பேர்தான் கிடைத்தார்கள், இருவருக்கும் நினைவில்லை. பம்பை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. அது காரோடு போய்விட்டது. ஊசியை நினைத்துப் பார்த்தால் ஒரு நாள் ஐம்பத்து மூன்றில் நிற்கிறது, இன்னொரு நாள் நாற்பதுக்குக் கீழே விழுகிறது. பம்பா, பெட்ரோலா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.