சாவியின் மற்றப் பாதி

பெரியம்மா ஒரே ஒரு தடவைதான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். போர் முடிந்த கிழமை மகனை இராணுவத்திடம் கையளித்த இடம், அவன் போட்டிருந்த சட்டை, பேருந்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நாற்பது நிமிடம். அதை என் மடிக்கணினியில் பதிவு செய்தேன். பிறகு அவருக்கு மறதி நோய் வந்துவிட்டது. சில நாள், மகனுக்கு இன்னும் ஐந்து வயதுதான் என்பார். நான் கேட்டதைச் சொன்னால் அது என் பேச்சு; காணாமற்போனோர் விசாரணைக்கு வேண்டியது தாயின் வாய்மொழி. அந்தப் பதிவை விட்டால் வேறொன்றும் இல்லை.

அதைக் கணினியில் பூட்டி வைத்திருந்தேன். தாய்மாரின் கதைகளைப் பதிவு செய்வது யாரென்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தலைமன்னாரில் எங்கள் ஒழுங்கையில் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே பென்டிரைவிலோ இணையத்திலோ பிரதி கிடையாது. எந்தக் கணினிக்காரரைக் கேட்டாலும் மூன்று பிரதி வை என்பார். அவர் வீட்டுப் படலையில் யாரும் வந்து நிற்பதில்லை.

நான் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அது சோற்றுக்கு. ஆசைக்கு, உலகம் முழுவதும் பலர் சேர்ந்து எழுதும் இலவச இயங்குதளமொன்றின் கெர்னலை வாசிப்பேன். கெர்னல்தான் கணினியின் அடிமட்டம். கோப்புகளைப் பூட்டுவதும் திறப்பதும் அங்கேதான் நடக்கும். அங்கே சாவியை வாங்கிக்கொள்ளும் செயற்கூறு ஒன்று இருந்தது. அதைக் கூப்பிடுகிறவர்கள் நான்கு விடயங்களைக் கொடுக்க வேண்டும். நான்காவது, சாவியின் நீளம். நான் பார்த்த இடமெல்லாம் முப்பத்திரண்டு என்றே கொடுத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் கேள்வி எதற்கு? அலுமாரியில் துவாயின் மடிப்புப் பிசகினாலே எடுத்துத் திரும்ப மடிக்கிறவள் நான். நான்காவதை வெட்டிவிட்டு, முப்பத்திரண்டை உள்ளேயே எழுதினேன். கூப்பிடும் வரிகள் எல்லாம் குறுகி அழகாகின. அந்த அழகில் மயங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

திருத்தத்தை அனுப்பும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே கணினி. திருத்திய கெர்னலை ஏற்றி, புதிதாகப் பூட்டிய கோப்புறை ஒன்றைத் திறந்து, பெரியம்மாவின் பதிவை அதற்குள் போட்டேன். சோதனைக்கு ஏதாவதொரு பாட்டைப் போட்டிருக்கலாம். என் கையால் எழுதிய பூட்டுக்குள் அவருடைய குரல் இருக்க வேண்டும் என்று ஒரு பெருமை, வேறென்ன. ஓடவிட்டேன், குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டு இடத்தில் கிடந்தால் ஆபத்து என்று பழைய பிரதியை யாரும் மீட்க முடியாதபடி அழித்தேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. திருத்தத்தையும் அனுப்பிவிட்டேன்.

அன்று பின்னேரம் சோளகக் காற்றில் மின்சாரம் போயிற்று. பற்றரி செத்த கணினி உடனே அணைந்தது. திரும்பப் போட்டபோது கோப்பின் பெயர் சரியாகத் தெரிந்தது. திறந்தால் இரைச்சல். நான் கவனிக்காமல் விட்டது ஒரே ஒரு இடம். பெயரைப் பூட்டும் சாவிக்கு நீளம் முப்பத்திரண்டு. உள்ளடக்கத்தைப் பூட்டும் சாவிக்கு அறுபத்துநான்கு. நான் கொடுத்தது பாதிச் சாவி. மற்றப் பாதிக்கு, அந்த நேரம் நினைவகத்தில் கிடந்த குப்பையைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. அணையும்வரை அந்தக் குப்பை அங்கேயே இருந்தபடியால்தான் குரல் கேட்டது. மின்சாரத்தோடு அதுவும் போய்விட்டது. மீட்க வழியில்லை. தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலை, திருத்தங்களைப் பார்க்கிற ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “இந்த இடத்தில் அறுபத்துநான்கு கொடுக்கிறார்களே, பார்த்தீர்களா? உங்கள் முயற்சிக்கு நன்றி.” அந்த ஒரு கேள்வியால் என் திருத்தம் அங்கேயே நின்றது, உலகத்துக் கணினிகள் எல்லாம் தப்பின. நான் கணினியை மூடிவிட்டு வாய்விட்டு அழுதேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான், மூழ்கியவர் பெரியம்மா. என்னை எந்தக் குருவானவர் மன்னித்தாலும் எனக்கு ஆறாது.

அடுத்த மாதம், வாக்குமூலத்தோடு வரச்சொல்லி விசாரணைக் கடிதம் வந்தது. அன்று பெரியம்மாவுக்கு நல்ல தெளிவு. கதிரையில் இருந்தபடி, கடிதத்தை என்னைக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் உன்னட்டை இருக்குத்தானே?”

“ஓம் பெரியம்மா.”

“ஒண்டும் விடுபடேல்லையே?”

“இல்லை.”

அவர் கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“அப்ப சரி. அதை ஒவ்வொரு நாளும் எனக்குள்ள சொல்லிச் சொல்லித்தான் மறக்காமல் வைச்சிருந்தனான். நீ வாங்கி வைச்ச பிறகுதான் பிள்ளை, நான் சொல்லுறதை விட்டனான்.”