தீனி அக்கா கொட்டாமல் வைத்தது

எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "வயித்துல பொறந்தது ஒண்ணு, ஆபீசுல நாலு கோடி" என்பாள் தீனி அக்கா. கேட்டவர் திருதிருவென்று முழிப்பதைக் கொஞ்சம் ரசித்துவிட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். அதன் மூன்றாம் மாடியில் செல் வளர்க்கும் அறை இருந்தது. மனித உடம்பிலிருந்து எடுத்த செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் குப்பிகளில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்ப்பார்கள். அந்தச் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவது அவள் பொறுப்பு. சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு முழ நீளத்தில் பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

தீனி என்றால் சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் கலந்த சிவப்புத் தண்ணீர்தான். செல்கள் தின்னத் தின்ன அதன் நிறம் ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சள் கண்டால் பசி என்று அர்த்தம். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடு பதமாகப் புதியதை ஊற்ற வேண்டும். குப்பியின் ஓரத்தில் மெல்ல வழியவிட வேண்டும். நேரே செல்களின் தலையில் கொட்டினால் அவை பெயர்ந்து மிதந்துவிடும். "நீ தூங்கும்போது யாராவது மூஞ்சியில தண்ணி ஊத்துனா உனக்குப் பிடிக்குமா?" என்று புதிதாக வருபவர்களிடம் சண்டைக்கே போவாள்.

முதல் ஆறு வருஷம் அவள் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவினாள். மேலே தீனி போட்டுக்கொண்டிருந்தவர் பிரசவத்துக்கு லீவில் போனபோது, இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று அவளை ஏற்றிவிட்டார்கள். அந்த இரண்டு மாதம் பதினாறு வருஷமாகிவிட்டது. கழுவிக் கழுவித் தோல் உரிந்த கை, செல்களைத் தொட ஆரம்பித்த பிறகு பூனைப் பாதம் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுத்த பழைய தீனியை முழுவதும் கொட்ட மாட்டாள். விரலளவு குழாய் ஒன்றில் கொஞ்சம் பிடித்து, தேதி எழுதி, உறைபெட்டியில் போட்டுவிடுவாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பாலை வயிறு முட்டக் குடித்தும் தேறவே இல்லை. மூன்று டாக்டர்கள் கண்ணைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், மருந்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். நாலாவது டாக்டர்தான், "வெளிக்கு எப்படிம்மா போகுது?" என்று கேட்டார். அன்றைய துணியையே சுருட்டிக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தாள் அவள். அதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே போனதை மட்டும் பார்த்தால் போதாது, வெளியே வருவதையும் பார்க்கணும் என்று அன்றைக்கு அவள் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய சாருக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. அவர் சுத்தம் என்றால் சுத்தம், அப்படி ஒரு சுத்தம். "கழிவை யாராவது சேத்து வைப்பாங்களா? எல்லாத்தையும் கொட்டுங்கம்மா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் தலையை ஆட்டிவிட்டு, குழாய்களை உறைபெட்டியின் அடித்தட்டில், பழைய ஐஸ் அச்சுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் ஒரு குழந்தையின் தோல் செல்கள் வந்தன. குழந்தைக்கு ஏதோ அபூர்வமான நோய். அதை ஆராய வந்தவள் முப்பது வயதுப் பெண். எதைச் சொன்னாலும் "அப்படியா? எப்படித் தெரியும்?" என்று கேட்பதால், அவளுக்குச் சந்தேகம் மேடம் என்று பட்டப்பெயர். தீனி அக்காவுக்கும் அவளுக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் வாய் ஓயாது.

"அக்கா, செல்லு எப்படிச் சாப்பிடுது தெரியுமா?" என்று ஒருநாள் நுண்ணோக்கியைக் காட்டினாள் சந்தேகம் மேடம். "அதுக்கு வாயே கிடையாது. வெளிச்சுவரே உள்பக்கமா குழியும். அந்தக் குழியில இருக்கறதை அப்படியே சுருட்டி, ஒரு குட்டிப் பையா உள்ளே இழுத்துக்கும். அந்தப் பை போய்ச் செரிக்கிற பையோட சேரும். அங்கே நொதிங்க இருக்கு. எல்லாத்தையும் வெட்டித் துண்டு துண்டாக்கிடும். உடைஞ்ச துண்டை வெச்சு செல்லு புதுசா ஏதாவது கட்டிக்கும்."

"இந்தப் பிள்ளையோட செல்லுல?"

"பை எல்லாம் ரொம்பி வழியுது. ஒண்ணுமே செரிக்கல. பாருங்க."

அக்கா பார்த்தாள். ஆரோக்கியமான செல்கள் தெளிவாகத் தெரிந்தன. இவையோ, பல வருஷம் பெருக்காத பரண் மாதிரி மூலை முடுக்கெல்லாம் அடைசலாக இருந்தன.

அந்த மாதம் பத்தாம் தேதிக்குப் பிறகு சோதனைகள் தொடங்கின. செல்களை மூன்று முறை நன்றாக அலசி, உடைத்து, உள்ளே செரிக்கும் நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாள் சந்தேகம் மேடம். இருந்தது துளியூண்டு. ஆனால் அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்பு செல்லுக்குள் ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. குறிப்பு இருக்கிறது, பண்டம் இல்லை. திரும்பத் திரும்ப அளந்தும் அதே கதைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய சார் தீனி அக்காவைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் செல் அறைப் பதிவேடு திறந்திருந்தது.

"உக்காருங்கம்மா. ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனித்தனி தீனி பாட்டில்தானே வெக்கறோம்?"

"ஆமா சார். ஒண்ணோட பாட்டில் இன்னொண்ணுக்குப் போகாது."

"இந்தக் குழந்தையோட செல்லுக்குப் பத்தாம் தேதி புது பாட்டில் கலந்திருக்கீங்க. அதுல ஏதோ சேக்க மறந்திருக்கீங்கன்னு நினைக்கறேன். சத்து இல்லாம போனா நொதி எங்கேருந்து வரும்?"

"நான் மறக்கல சார்."

"தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்." பென்சிலை எடுத்து, பதிவேட்டில் 'தீனிப் பிழை' என்று எழுதினார். "வெள்ளிக்கிழமை கூட்டம். அதுல பேசிட்டு மையில எழுதிடலாம். இந்தச் செல்லை எல்லாம் கொட்டிடலாம். அதுக்கப்புறம் நீங்க கொஞ்ச நாள் கீழே கழுவற ரூம்ல இருங்க."

திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். மனிதர் தேன் ஒழுகப் பேசிவிட்டார். பத்தாம் தேதி பாட்டிலும் இதற்குள் தீர்ந்து, கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. தான் மறக்கவில்லை என்பதற்கு அவளிடம் அவள் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. பதினாறு வருஷத்துப் பேர் ஒரு பென்சில் கோட்டில் போய்விட்டதே என்று நினைத்தபடி வெளியே வந்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் டீயை ஒரு வாய் உறிஞ்சிய அவள் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். அவருக்குப் பார்சல் ஆபீசில் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் வேலை. வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

"ஏம்மா, இதுல சக்கரையே இல்லயே. சார் சொன்னது நெசந்தானோ?"

அவள் பார்த்த பார்வையில் மனிதர் மிச்ச டீயை மூச்சு விடாமல் குடித்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். தெருமுனை வரை போய்த்தான் இரண்டும் வேறு வேறு ஜோடி என்று கண்டுபிடித்தார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

ஆராய்ச்சிக்கூடத்தில் சந்தேகம் மேடம், செல்களைக் கொட்டப்போகிறார்களே என்று அழுது கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கை வேலை செய்துகொண்டிருந்தது. குப்பியில் இருந்த தண்ணீரை உறிஞ்சினாள், கொட்டினாள். அலசினாள், கொட்டினாள். மறுபடி அலசினாள், மறுபடி கொட்டினாள். தீனி அக்கா கன்னத்தில் கை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், நொதி உள்ளே இல்ல. சரி. வெளியே இருக்குதான்னு பாத்தீங்களா?"

"வெளியேன்னா?"

"இப்ப கொட்டுறீங்களே, அதுல."

"அது கழிவுக்கா. அதுல எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது. தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அய்யய்யோ. ரெண்டு வாரமா மூணு மூணு தடவை கழுவிக் கொட்டியிருக்கேனே!"

இன்றைய தண்ணீர் கையிலேயே இருந்தது, அதைச் சோதித்துவிடலாம். ஆனால் அதில் நொதி இருந்தாலும் பத்தாம் தேதி பாட்டில்மேல் விழுந்த பழி போகாது. அதற்குப் பத்தாம் தேதிக்கு முந்தைய தண்ணீர் வேண்டும். அது உறைபெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. எடுத்துக் காட்டினால், சார் பேச்சை இரண்டு முறை மீறினவள் என்று ஆகும். காட்டாவிட்டால் தீனி கலக்கத் தெரியாதவள் என்று ஆகும். தீனி அக்கா ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். பேச்சுக் கேட்காதவள் என்று பேர் எடுப்பது அவளுக்கு ஒன்றும் புதிதல்ல. முழங்கையை ஊன்றிக் குனிந்து, ஐஸ் அச்சுகளை ஒதுக்கி, குழாய்களை வெளியே எடுத்தாள்.

"அக்கா!" என்று அலறினாள் சந்தேகம் மேடம். "இதெல்லாம் எப்பலேருந்து?"

"அதை அப்புறம் கேளுங்க. மொதல்ல வேலையைப் பாருங்க."

வியாழக்கிழமை மதியம் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டறைக்குள் உட்கார்ந்தார்கள். நொதி இருந்தால், அதோடு சேர்த்த மருந்து ஊதா விளக்கின் கீழே நீலமாக ஒளிரும். வரிசையாகக் குழி வைத்த தட்டில் முதல் குழி, செல்லே தொடாத புதுத் தீனி. அது இருட்டாகவே கிடந்தது. இரண்டாவது, ஆரோக்கியமான செல்கள் விட்டுவைத்த பழைய தண்ணீர். உற்றுப் பார்த்தால் லேசான நீலம். மூன்றாவது, அந்தக் குழந்தையின் செல்கள் விட்டுவைத்தது. அது ஜெகஜோதியாக எரிந்தது.

"செஞ்சிருக்குக்கா. செல்லு நொதியை ஒழுங்காச் செஞ்சிருக்கு. எல்லாத்தையும் வெளியே அனுப்பிடுச்சு!"

"ஏன் மேடம் அனுப்புது?"

"செஞ்ச சரக்கைப் பிரிச்சு அனுப்ப செல்லுக்குள்ளே ஒரு இடம் இருக்கு. செரிக்கிற பைக்குப் போக வேண்டிய நொதி மேல அங்கே ஒரு அடையாளம் ஒட்டும். இந்தச் செல்லுல அது ஒட்டலன்னு நினைக்கறேன். அடையாளம் இல்லாததெல்லாம் வாசலுக்குப் போயிடும். திரும்ப உள்ளே இழுக்கவும் அதே அடையாளம் வேணும். அதான் வாசல்லயே கிடந்தும் எடுத்துக்க முடியல."

"இதுக்கா ரெண்டு வாரம்? எங்க வீட்டுக்காரரைக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாரே. சீட்டு ஒட்டாத பெட்டியெல்லாம் அவங்க வாசல் ஷெட்டுலதான் கிடக்கும்."

சந்தேகம் மேடம் பழைய குழாய்களை வரிசையாக வைத்தாள். இரண்டாம் தேதி நீலம். நாலாம் தேதி நீலம். ஆறும் நீலம், எட்டும் நீலம். பத்தாம் தேதி பாட்டில் திறப்பதற்கு முன்னாலேயே, வந்த நாளிலிருந்தே இந்தச் செல்கள் அப்படித்தான் இருந்திருக்கின்றன. அந்த இருட்டில் தீனி அக்கா மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேலே கூட்டத்தில் சந்தேகம் மேடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் செல் அறையில் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் கடைசி முறையோ என்னவோ என்று ஒவ்வொரு குப்பியையும் வழக்கத்தைவிட நிதானமாகச் சாய்த்தாள். அந்தக் குழந்தையின் குப்பியை எடுத்து, "நீங்க வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. நானும்தான்" என்று சொல்லிவிட்டு, பழைய தண்ணீரில் கொஞ்சம் குழாயில் பிடித்து வைத்தாள்.

கதவு திறந்தது. பெரிய சார், கையில் பதிவேட்டோடு நின்றார். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"இந்தக் குழாயெல்லாம் கொட்டச் சொன்னேனே?"

"சொன்னீங்க சார்."

"கொட்டலயே?"

"கொட்டல சார்."

"எத்தனை நாளுது வெச்சிருக்கீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "இடம் பத்தல சார். ரெண்டு வருஷத்துதுதான் இருக்கு."

பெரிய சார் உறைபெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற சந்தேகம் மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அந்த அடித்தட்டு இனிமே உங்களுது. யாரும் தொட மாட்டாங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அவசரப்பட்டுட்டேன்மா. மன்னிச்சிடுங்க."

பதிவேட்டை விரித்து அவள் முன்னால் வைத்து, சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினார். "நீங்களே அழிச்சிடுங்க."

தீனி அக்கா கையுறையைக் கழற்றினாள். 'தீனிப் பிழை' என்ற எழுத்தின்மேல் ரப்பரை வைத்துத் தேய்த்தாள். முதல் தேய்ப்பில் எழுத்து மங்கியது, இரண்டாவதில் மறைந்தது. அவள் நிறுத்தவில்லை. பூனைப் பாதம் மாதிரி மெத்தென்று இருந்த கைக்குள்ளிருந்து, ஆறு வருஷம் பாத்திரம் தேய்த்த பழைய கை எழுந்து வந்துவிட்டது. "போதும்மா, போதும்" என்று பெரிய சார் சொல்லி முடிப்பதற்குள் தாள் கிழிந்து, அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.