சட்டிக் கலப்பை ஓடிய ஒரு சுற்று

இன்று ராசிபுரம் பஸ்ஸின் ஜன்னல் வழியே டிராக்டர் புரட்டிய செம்மண் வாசனை வந்ததும், இப்போது வீட்டுமனையாகிவிட்ட எங்கள் வெண்ணந்தூர் மேட்டுக்காடு நினைவில் வந்து நின்றது. அங்கே மேல்மண் ஒரு சாண்தான், அதில்தான் எங்கள் கடலை விளைய வேண்டும், அதற்குக் கீழே எல்லாம் சுண்ணாம்புக்கல். ஆனாலும் உழ வந்த டிராக்டரில், பக்கத்துக் காட்டில் ஓட்டியதைப் போல ஆழ உழும் சட்டிக் கலப்பைதான் வேண்டும் என்றார் அப்பா.

"கொத்துக் கலப்பையே போதுமுங்க, மேலாப்புல கீறிட்டுப் போவும். சட்டி போட்டா அடிக்கல்லு மேல வந்துருமுங்க," என்றாள் அம்மா.

"ஆமா, டிராக்டரக் கண்டுபுடிச்சவளே நீதான!"

ஒரே சுற்றில் காடு வெள்ளையாகப் பல்லிளித்தது. அப்பா டிரைவரிடம் மெதுவாக, "கலப்பைய மாத்திருங்க," என்றார். அந்தப் பட்டையில் மட்டும் பல வருஷம் கடலைச்செடி வெளுத்தே நின்றது. அம்மா எருக்கூடை நிறைந்தபோதெல்லாம் அங்கேயே சுமந்துபோய்க் கொட்டினாள்.